மாறுபாட்டுக் கொள்கை வெறும் ஜோடனையா? திடப்பொருளிலும் நீரிலும் சமச்சீர் எங்கே ஒளிந்திருக்கிறது?

கேள்வி: ஜூன் 3, மாலை 6.10

எம்.டெக். முதலாண்டு படிக்கிறேன். மீள்மைப் பாடத்திலும் பாய்ம இயக்கவியலிலும் முதல் மாதம் முழுக்க ஹாமில்டன், லக்ராஞ்சியன் (இயக்க ஆற்றலில் நிலையாற்றலைக் கழித்தது), அதைக் காலத்தோடு கூட்டிய ஆக்ஷன், அந்த ஆக்ஷனைச் சிறு மாற்றத்துக்கு அசையாமல் வைத்திருக்கும் இயக்கமே நிஜம் என்னும் மாறுபாட்டுக் கொள்கை என்றே ஓடியது. கடைசியில் வந்து நிற்பது நியூட்டனிடமிருந்து நாலே வரியில் வரும் அதே சமன்பாடுதான். விசைகளைச் சமன்செய்தால் போதும், மற்றதெல்லாம் அழகுக்குச் செய்த ஜோடனை என்பது என் கட்சி. நியூட்டனால் முடியாத ஒன்றே ஒன்றை யாராவது காட்டுங்கள் சார்.

ஜூன் 3, இரவு 9.40

தம்பி, பொருளைச் சின்னச் சின்ன எலிமென்டுகளாக வலைபோல (மெஷ்) வெட்டிக் கணக்குப் போடும் உங்கள் ஃபைனைட் எலிமென்ட் நிரல், விசையையும் நகர்வையும் கட்டும் விறைப்பு மேட்ரிக்ஸில் பாதியை மட்டும்தான் சேமிக்கிறது. மறுபாதியிலும் அதே எண்கள்தான் இருக்கும் என்று அதற்கு யார் சொன்னது? நியூட்டன் சொல்லவில்லை.

தகைவுக்கு (பரப்பளவுக்கு இவ்வளவு என்று வரும் உள்விசை) ஆறு கூறுகள், திரிபுக்கு (உருக்குலைவின் அளவு) ஆறு கூறுகள். இரண்டையும் நேர்விகிதத்தில் கட்டினால் 36 மாறிலிகள். திருப்புத்திறன் சமநிலையை ஏற்கெனவே செலவழித்துவிட்டோம், அதனால்தான் தகைவுக்கு ஒன்பது போய் ஆறு ஆனது. இதற்குமேல் நியூட்டனிடம் கேட்க ஒன்றுமில்லை. 1830-களின் இறுதியில் ஜார்ஜ் கிரீன் வேறு வாசல் வழியாக வந்தார். திரிபைச் சார்ந்த ஓர் ஆற்றல் இருக்கிறது, தகைவு அதன் வகைக்கெழு என்று வைத்தார். இரண்டாம் வகைக்கெழுவில் எதை முதலில் எடுத்தாலும் மதிப்பு ஒன்றுதான் என்பதால் 36 என்பது 21 ஆகிவிட்டது. மேட்ரிக்ஸின் மறுபாதி அங்கே கரைந்ததுதான்.

கையால் தொட்டுப் பார்த்ததையும் சொல்கிறேன். படிக்கும்போது ஆய்வகத்தில் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே நீளமுள்ள எஃகுப் பட்டை, இரண்டு முனையிலும் கத்திமுனைத் தாங்கி. நடுவில் ஓர் இடத்திலும் ஓரத்துக்குப் பக்கத்தில் ஓர் இடத்திலும் சாக்பீஸால் குறி. நடுவில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு ஓரத்தில் டயல் கேஜை வைத்து முள்ளைப் படித்தோம். பிறகு இடம் மாற்றினோம்: ஓரத்தில் எடை, நடுவில் கேஜ். முள் அதே கோட்டில் வந்து நின்றது. என் கூட்டாளி கேஜ் ஒட்டிக்கொண்டது என்று நினைத்து விரலால் தட்டினான். நகர்ந்து, திரும்பி, அதே கோட்டுக்கு வந்தது. மேக்ஸ்வெல் 1864-இலும் பெட்டி 1872-இலும் சொன்ன பரிமாற்றத் தேற்றம் அது. விசைச் சமன்பாட்டில் மட்டும் நின்றுகொண்டு அந்த முள் ஏன் அங்கே நிற்கிறது என்று சொல்லிப் பாருங்கள்.

ஜூன் 4, காலை 7.05

ராத்திரி எழுதியதில் ஒரு விடுபடல். கிரீன் சொன்ன 21 உடனே ஏற்கப்பட்டுவிடவில்லை. நேவியே, கோஷி, பாய்சான் வழியில் போனவர்கள், அணுக்கள் ஒன்றையொன்று இணைக்கும் கோட்டின் திசையிலேயே இழுத்துக்கொள்கின்றன என்று வைத்து 15 மாறிலிகள் போதும் என்றார்கள். எத்திசையிலும் ஒரே குணமுள்ள பொருளானால் ஒரே ஒரு மாறிலி, பாய்சான் விகிதம் (நீள இழுக்கும்போது குறுக்கே எந்த அளவுக்குச் சுருங்குகிறது என்பது) எல்லாவற்றுக்கும் கால். எஃகுக்கு 0.3-ஐ ஒட்டி, ரப்பருக்கு 0.5-ஐ ஒட்டி, தக்கைக்குக் கிட்டத்தட்ட சுழி என்று இன்று யாரும் அளக்கலாம். அன்றைக்கு அது அரை நூற்றாண்டுச் சண்டை. ஜெர்மன் இயற்பியலாளர் ஃபோக்ட் படிகங்களை வெட்டி முறுக்கி அளந்த பிறகுதான் 21 பக்கம் தராசு சாய்ந்தது.

ஜூன் 4, இரவு 8.30

கேள்வி கேட்டவரின் பதில்: "சார், ஆற்றல் சார்பு இருப்பது பொருளின் குணம். கொள்கையின் சாதனை எப்படி ஆகும்?"

நியாயமான அடி. பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆற்றல் சார்பு இல்லாத பொருளை, இழுத்து, சறுக்கி, தளர்த்தி, புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவரும் ஒரு சுற்றில் ஒவ்வொரு முறையும் வேலை மிஞ்சும், இல்லையேல் குறையும். சடப்பொருளில் அது நடக்காது. உள்ளே எரிபொருள் இருந்தால் நடக்கும். 2020-இல் இதற்கு முறையான கோட்பாடு வந்தது. 2022-இல், சுழன்று நீந்தும் நட்சத்திரமீன் கருக்கள் நீர்ப்பரப்பில் படிகம்போல அடுக்கி நின்று அந்த மாதிரி நடந்துகொள்வதைக் காட்டினார்கள். அங்கே மேட்ரிக்ஸின் இரண்டு பாதியும் ஒன்றில்லை. உயிர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது, அதனால்.

ஆக நீங்கள் சொல்வது சரி: கொள்கை பொருந்துகிறதா என்பதைப் பொருள்தான் முடிவு செய்கிறது. ஆனால் பொருந்தினால் கையில் என்ன வருகிறது என்பதை நியூட்டன் வழியில் போனால் பார்க்கவே தோன்றாது. அதற்கு நாளை ஒரு கதை. இருபது வருடமாக மனதில் இருக்கும் கதை, நிதானமாக எழுத வேண்டும்.

ஜூன் 5, இரவு 10.50

தகைவுப் பகுப்பாய்வு வேலைக்குச் சேர்ந்த புதிது. எஃகுத் தகட்டின்மேல் அலுமினியத் தகடு ஒட்டிய ஒரு பாகம் மேசைக்கு வந்தது. அலுமினியத்தின் வெளிமுகத்தில் பிறந்த ஒரு விரிசல் நேரே எஃகை நோக்கி இறங்குகிறது. மேலே வளருமா, நிற்குமா?

இதற்கு ஜே தொகையீடு என்று ஒன்று போடுவோம். விரிசல் முனையைச் சுற்றி ஒரு வளையம் வரைந்து, வளையத்தின்மேல் திரிபு ஆற்றலில் ஒரு பங்கு எடுத்து, வளையத்தின் குறுக்கே தகைவு செய்யும் வேலையில் ஒரு பங்கைக் கழித்தால், விரிசல் முன்னேற எவ்வளவு ஆற்றல் கிடைக்கிறது என்ற எண் வரும். சோவியத் நாட்டில் செரெபனோவ் 1967-இலும் அமெரிக்காவில் ஜேம்ஸ் ரைஸ் 1968-இலும் தனித்தனியே கொடுத்தது. இதன் மகிமை, வளையம் சின்னதாக இருந்தாலும் பெரிதாக இருந்தாலும் எண் மாறாது. முனையில் தகைவு எகிறிக் கிடக்கும் இடத்தை நெருங்காமலேயே, தள்ளி நின்று கணக்குப் போட்டு முனையைப் பற்றிச் சொல்லலாம். மென்பொருள் பத்து வளையங்களுக்கு எண் கொடுக்கும். பத்தும் ஒன்றாக இருந்தால் கணக்கு சரி என்று கையெழுத்துப் போடுவோம்.

எனக்கு முதல் வளையம் கொஞ்சம் விலகியிருந்தது. அது வழக்கம்தான். இரண்டிலிருந்து ஐந்து வரை ஒரே எண். ஆறில் ஏறியது. ஏழில் இன்னும் ஏறியது. பத்து வரை ஏறிக்கொண்டே போனது.

மெஷ் சரியில்லை என்றார் மேலதிகாரி. நானும் நம்பினேன். எலிமென்டுகளைப் பாதியாக்கினேன், திரும்பவும் பாதியாக்கினேன். ராத்திரி ஓடவிட்டுக் காலையில் வந்து பார்த்தால் இரண்டாவது தசமத்தில்கூட அசைவில்லை. இரண்டு வாரம் போனது. மெஷ் பிழை என்றால் மெஷ்ஷை மாற்றும்போது பிழையும் மாற வேண்டுமே என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

ஒருநாள் மெஷ் படத்தை அச்செடுத்து வளையங்களைப் பென்சிலால் ஒவ்வொன்றாகச் சுற்றினேன். ஐந்தாவது முழுக்க அலுமினியத்துக்குள். ஆறாவது வளையத்தின் முன்பக்கம் ஒட்டுக்கோட்டைத் தாண்டி எஃகுக்குள் ஒரு எலிமென்ட் போயிருந்தது. ஏழாவது இரண்டு எலிமென்ட். அந்த இடத்தில் பென்சில் நின்றுவிட்டது. மென்பொருள் பொய் சொல்லவே இல்லை. வளையம் பெரிதாக ஆக, ஒட்டுக்கோட்டின் அதிக நீளத்தை உள்ளே எடுத்துக்கொள்கிறது. அந்த நீளம் விரிசல்மேல் என்ன செய்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. அலுமினியத்தின் மீள்மைக் குணகம் சுமார் 70 கிகாபாஸ்கல், எஃகுக்கு 200-க்குச் சற்று மேலே. விறைப்பான பொருளை நோக்கிப் போகும் விரிசலை அந்தப் பொருள் தடுக்கிறது, அதனால் முனை உணரும் எண் சிறியது, தள்ளி நின்றவன் காணும் எண் பெரியது. இரண்டின் வித்தியாசம் எஃகு கொடுக்கும் காவல்.

விசைச் சமநிலை? எல்லா முனையத்திலும் கச்சிதமாக இருந்தது தம்பி. நியூட்டனுக்கு அந்த மாடலில் ஒரு குறையும் தெரியவில்லை.

ஜூன் 6, மாலை 7.20

"அப்போ உடைந்தது எது சார்?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். இந்த இழையில் நான் சொல்ல வந்ததே இதுதான்.

ஒரு மீள்மைப் பொருளில் ஒவ்வொரு துகளுக்கும் இரண்டு முகவரி. ஒன்று, இப்போது அது இருக்கும் இடம். மற்றது, சுமை ஏற்றுவதற்கு முன்னால் அதற்கு நாம் ஒட்டிய லேபிள். மொத்தப் பொருளையும் அறையில் ஒரு சாண் தள்ளி வைத்தால் ஆற்றல் மாறாது. இது இடத்தின் சமச்சீர், இதிலிருந்து வருவது உந்த அழிவின்மை, தகைவுச் சமநிலை. பள்ளியிலிருந்து படித்தது.

இன்னொரு நகர்த்தல் இருக்கிறது. எந்தத் துகளையும் தொடாமல் லேபிள்களை மட்டும் ஒரு சாண் தள்ளி ஒட்டுங்கள். அதாவது உருக்குலைவு முழுவதையும் அப்படியே தூக்கி, பக்கத்துத் துகள்கள்மேல் போடுங்கள். எல்லாத் துகளும் ஒரே சாதி உலோகம் என்றால் ஆற்றலுக்கு வித்தியாசம் தெரியாது. இது பொருளின் சமச்சீர். இதிலிருந்து வருவது வேறொரு அழிவின்மை, எஷல்பி 1951-இல் கண்ட ஆற்றல்-உந்த டென்சர். ஜே தொகையீடு அதன் ஒரு கூறுதான். லேபிளைத் தள்ளும்போது எங்கேயாவது எஃகின்மேல் அலுமினியத்தின் சீட்டு ஒட்டினால் ஆற்றல் மாறிவிடும். ஆறாவது வளையத்தில் உடைந்தது இந்தச் சமச்சீர்.

இந்த இரண்டாவது நகர்த்தலை விசைப் படம் வரைந்து எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? விசைப் படத்தில் லேபிளுக்கு இடமே இல்லை.

ஆக்ஷனைத் தொடர்ச்சியாக மாற்றாமல் விடும் ஒவ்வொரு சமச்சீருக்கும் ஓர் அழிவின்மை உண்டு என்பது நோதர் தேற்றம். எஷல்பி அதில் தொடங்கி இதை அடையவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பொருளை மனதில் வெட்டி, குறையுள்ள இடத்தை நகர்த்தி, திரும்ப ஒட்டினால் எவ்வளவு வேலை என்று பார்த்தார். நோதர் வழியில் குந்தர் 1962-இலும், நோல்ஸும் ஸ்டெர்ன்பெர்க்கும் 1972-இலும் வந்தார்கள். அவர்களுக்கு ஜே-யோடு இன்னும் இரண்டு கிடைத்தது. லேபிள்களைச் சுழற்றினால் எல், ஒரே விகிதத்தில் பெரிதாக்கினால் எம். எல்லுக்குப் பொருள் எத்திசையிலும் ஒரே குணமாக இருக்க வேண்டும், எம்முக்கு நேரியல் மீள்மை வேண்டும்.

ஜூன் 6, இரவு 11.30

திருத்தம். "எல்லாத் துகளும் ஒரே சாதி" என்று மேலே எழுதியது தேவைக்கு மேலான நிபந்தனை. ஜே என்பது விரிசல் போகும் திசையில் தள்ளுவதால் வருவது. ஆகவே அந்தத் திசையில் மட்டும் பொருள் மாறாமல் இருந்தால் போதும். ஒட்டுக்கோடு விரிசலுக்கு இணையாகப் படுத்திருந்தால், ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் எஃகு என்றாலும் வளையங்கள் எல்லாம் ஒத்துப்போகும். எனக்கு வாய்த்தது குறுக்கே கிடந்தது.

இன்னும் நிபந்தனைகள் உண்டு. விரிசலின் முகங்களில் அழுத்தம் கூடாது, எடைபோல உடல் முழுக்கச் செயல்படும் விசை கூடாது, வெப்பநிலை அந்தத் திசையில் ஏறி இறங்கக் கூடாது. இருந்தால் அதற்கென்று ஒரு உறுப்பைக் கூட்ட வேண்டும். நெகிழ்ந்துவிட்ட உலோகத்தில் சுமையைத் திரும்ப இறக்கினாலும் கணக்கு போச்சு, ஏனென்றால் அங்கே ஆற்றல் சார்பே இல்லை.

ஜூன் 9, மாலை 5.15

நீருக்கு வருவோம். இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

திடப்பொருளுக்குத் தன் பக்கத்தில் யார் இருந்தார் என்பது நினைவிருக்கிறது, பக்கத்துத் துகளைச் சறுக்கினால் கோபப்படும். நீருக்கு அந்த நினைவு கிடையாது. உராய்வை ஒதுக்கிவிட்டால் நீரின் உள்ளாற்றல் அடர்த்தியை மட்டுமே பார்க்கிறது. எனவே லேபிள்களை மொத்தமாக ஒரு பக்கம் தள்ள வேண்டும் என்பதில்லை. கனஅளவு கெடாமல் எப்படி வேண்டுமானாலும் கலைத்துப்போடலாம். திடப்பொருளுக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் லேபிள் சமச்சீர்கள். நீருக்கு எண்ணிக்கையே இல்லை.

அத்தனை சமச்சீரிலிருந்து என்ன அழிவின்மை வருகிறது? கும்மியை நினைத்துப் பாருங்கள். ஒரே உயரம், ஒரே நிறச் சேலை, வட்டமாக இருபது பெண்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் இருப்பவள் இடத்துக்குப் போய்விட்டால், வெளியே நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. நீருக்குள் ஒரு மெல்லிய மூடிய குழாயை மனதில் வரைந்து, அதன் நெடுகிலும் லேபிள்களை மட்டும் கொஞ்சம் முன்னால் தள்ளுங்கள். கனஅளவு மாறவில்லை, ஆற்றல் மாறவில்லை, ஆக்‌ஷன் மாறவில்லை. நோதர் தேற்றத்தை வைத்தால், அந்த வளையத்தில் ஒவ்வொரு சிறு துண்டையும் அங்கே ஓடும் திசைவேகத்தால் பெருக்கிச் சுற்றிலும் கூட்டிய தொகை காலத்தோடு மாறாது என்று வருகிறது. வளையம் நீரோடு மிதந்து, நெளிந்து, நீண்டு எங்கே போனாலும் மாறாது. கெல்வின் 1869-இல் தந்த சுற்றோட்டத் தேற்றம்!

முதன்முதலில் இந்த வழியில் போட்டுப் பார்த்த ராத்திரி தூக்கம் வரவில்லை. அதுவரை சுற்றோட்டத் தேற்றம் எனக்கு ஒரு திசையன் நுண்கணிதப் பயிற்சிக் கணக்கு.

இதைக் கவனியுங்கள் தம்பி: தொட்டியின் சுவரும் புவியீர்ப்பும் இடத்தின் சமச்சீரைக் கெடுக்கின்றன, நீரின் உந்தம் அழிகிறது. ஆனால் சுவருக்கும் ஈர்ப்புக்கும் துகள் எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு, அதன் பெயர் என்ன என்பது கணக்கில்லை. லேபிள் சமச்சீர் அப்படியே நிற்கிறது, சுற்றோட்டமும் நிற்கிறது.

ஜூன் 10, காலை 6.40

வாசகர் ஒருவர் மடக்கியிருக்கிறார்: "துகள், லேபிள் எதுவும் வேண்டாம். ஒவ்வோர் இடத்திலும் திசைவேகம், அடர்த்தி என்று மட்டும் வைத்து இயக்க ஆற்றலிலிருந்து நிலையாற்றலைக் கழித்து மாறுபாடு எடுத்தேன். நிறை அழிவின்மையை மட்டும் நிபந்தனையாகக் கட்டினேன். சுழிப்பே (துகள் தன்னைத்தானே சுற்றுவதே) இல்லாத ஓட்டம்தான் வருகிறது. உங்கள் சுழல் எங்கே?"

ரொம்ப சரியான கணக்கு. இதில் நானும் விழுந்து ஒரு மாதம் கிடந்திருக்கிறேன். லேபிளைத் தூக்கி எறிந்ததும் சுழிப்பும் சேர்ந்து போய்விட்டது. சி. சி. லின் 1963-இல் சொன்ன மருந்து இது: "ஒவ்வொரு துகளும் தன் லேபிளைச் சுமந்துகொண்டே போகிறது" என்பதை இன்னொரு நிபந்தனையாகக் கட்டுங்கள். கட்டியவுடன் திசைவேகத்தில் கூடுதல் உறுப்புகள் முளைக்கும். 1850-களின் கடைசியில் கிளெப்ஷ் எழுதிய வடிவமே திரும்பி வரும், சுழலும் வரும். நான் நேற்று சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

சுழிப்பில்லாத ஓட்டம்தான் வேண்டும் என்றால் லேபிள் தேவையில்லை. நீர்ப்பரப்பு அலைகளுக்கு லூக் 1967-இல் கொடுத்த கொள்கையில் அழுத்தத்தையே லக்ராஞ்சியனாக வைத்தார். மேற்பரப்பின் எல்லை நிபந்தனைகள்கூடத் தாமாக விழும்.

ஜூன் 11, இரவு 9.00

இன்று வீட்டில் செய்தது. செருப்பு வந்த அட்டைப்பெட்டி. ஒரு முகத்தில் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டத் துளை, எதிர்முகத்தை வெட்டியெடுத்துப் பாலித்தீன் தாளை இறுக்கி ஒட்டினோம். உள்ளே நாலு ஊதுபத்தியைக் கொளுத்திப் புகை நிரம்பும்வரை துளையை மூடிவைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாலித்தீனை ஒரு தட்டுத் தட்டினால், துளையிலிருந்து ஒரு வளையம் புறப்பட்டு ஹாலைக் கடக்கிறது. பக்கத்தில் போய்ப் பார்த்தோம். புகை வளையத்தின் குறுக்குவெட்டில் சுருண்டுகொண்டே இருக்கிறது, உள்விளிம்பு முன்னால் போகிறது, வெளிவிளிம்பு பின்னால் வருகிறது. பெட்டியிலிருந்து கிளம்பிய புகைதான் வளையத்தில் பயணம் போகிறது, வழியில் உள்ள காற்று அதற்குள் சுலபமாக நுழைவதில்லை. மகள் வாசல்படியில் மெழுகுவர்த்தி வைத்தாள். மூன்றாவது தட்டில் அணைந்தது.

1867-இல் எடின்பரோவில் பீட்டர் டெய்ட் இதே மாதிரிப் பெட்டிகளைத் தட்டிக் கெல்வினுக்குக் காட்டினார். ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1858-இல் சுழல்கள் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுச் செய்தது. அதைப் பார்த்துவிட்டு அணுக்களே சுழல் வளையங்கள்தான் என்று கெல்வின் நினைத்தார். அந்த எண்ணம் பொய்த்தது, சுற்றோட்டத் தேற்றம் நிலைத்தது. சுழல் கோடுகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டிருந்தால் அந்தக் கொக்கியும் அழியாது என்று மொரோ 1961-இலும் மொஃபட் 1969-இலும் காட்டினார்கள். கலைத்தலைச் சுழிப்பின் திசையிலேயே செய்தால் அதுவும் நோதர் வழியில் வருகிறது. 2013-இல் சிகாகோவில் முப்பரிமாண அச்சில் எடுத்த இறக்கைகளை நீருக்குள் இழுத்து, முடிச்சுப் போட்ட சுழலையே உண்டாக்கிவிட்டார்கள்.

ஜூன் 12, மதியம் 1.30

"உங்கள் வளையம் கடைசியில் கலைந்துதானே போகும்?" ஆமாம், பாகுநிலை. உராய்வு வந்தவுடன் சாதாரண அர்த்தத்தில் லக்ராஞ்சியன் கிடையாது. நிலையான பாகு ஓட்டத்தின் முழுச் சமன்பாட்டுக்குத் திசைவேகத்தையும் அதன் முதல் வகைக்கெழுக்களையும் வைத்து அப்படி ஒரு கொள்கை, தனி நிலைமைகள் தவிர, அமையாது என்று மில்லிகன் 1929-இல் காட்டினார். மிக மெதுவாக ஊரும் ஓட்டத்துக்கு மட்டும் வேறொன்று உண்டு: தேன்போல நகரும் திரவம், அதே எல்லைகளுக்குள் சாத்தியமான எல்லா ஓட்டங்களிலும் மிகக் குறைவான ஆற்றலை வெப்பமாக இழக்கும் ஓட்டத்தைத் தேர்ந்துகொள்கிறது. ஹெல்ம்ஹோல்ட்ஸ், 1868. அங்கே மேட்ரிக்ஸும் சமச்சீராகத்தான் இருக்கும். வேகம் கூடி நீர் தன்னைத்தானே சுமந்துகொண்டு ஓடும் உறுப்பு சேர்ந்ததும் மேட்ரிக்ஸின் இரண்டு பாதியும் பிரிந்துவிடும், சால்வரை மாற்றியாக வேண்டும். உங்கள் நிரலில் இதையும் சோதித்துப் பாருங்கள்.

ஜூன் 15, இரவு 10.10

நோதர் பெயரைப் பத்து தடவை எழுதிவிட்டு அவரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. எம்மி நோதர், 1882-இல் எர்லாங்கனில் பிறந்தவர். கோட்டிங்கனில் ஹில்பர்ட்டும் கிளைனும் அழைத்ததால் போனார். பெண் என்பதால் சொந்தப் பெயரில் வகுப்பு எடுக்க விடவில்லை, ஹில்பர்ட் பெயரில் அறிவித்த வகுப்புகளை அவர் நடத்தினார். 1918 ஜூலை 26 அன்று அந்தக் கட்டுரையை அறிவியல் கழகத்தில் படித்தவர்கூட கிளைன்தான். மறு ஆண்டுதான் கற்பிக்கும் தகுதியே கொடுத்தார்கள். 1933-இல் யூதர் என்பதால் வேலையைப் பிடுங்கினார்கள். அமெரிக்காவுக்குப் போய் 1935-இல் இறந்தார், 53 வயது.

அவர் அப்போது எடுத்துக்கொண்டது ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாட்டில் ஆற்றல் அழிவின்மை என்ன ஆகிறது என்ற சிக்கலை. விரிசலும் புகை வளையமும் அந்தக் கட்டுரையில் இல்லை. என் பென்சில் நின்ற இடம்வரை அது வந்து சேர்ந்திருக்கிறது. வகுப்பில் இந்தத் தேற்றத்தை எழுதும் ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், அவர் பெயரையும் பலகையில் எழுதுங்கள். எனக்கு யாரும் எழுதிக் காட்டவில்லை.

ஜூன் 16, காலை 8.00

நேற்றைய பதிவின்கீழ் ஒரு கேள்வி: நோதர் கட்டுரையில் இரண்டு தேற்றங்கள் இருக்கின்றனவே, நீரின் லேபிள் கலைத்தல் எதில் சேரும்? நான் பயன்படுத்தியது முதல் தேற்றத்தை. இரண்டாவது, இடத்தோடும் நேரத்தோடும் விருப்பம்போல மாறும் சமச்சீர்களுக்கானது. கலைத்தல் இடத்துக்கு இடம் விருப்பம்போல மாறலாம், ஆனால் நேரத்தோடு மாறக் கூடாது. ஒட்டிய லேபிளை ஓட்டத்தின் நடுவே மாற்றிக்கொண்டே இருந்தால் துகளின் வேகமே வேறாகிவிடும், ஆக்‌ஷன் தாங்காது. நேரத்தோடு உறைந்து நிற்பதால்தான் உண்மையான அழிவின்மை கிடைக்கிறது.

ஜூன் 20, மாலை 6.45

வானிலைத் துறையில் இருக்கும் ஒரு வாசகர், வளிமண்டலத்தில் என்ட்ரோபி (வெப்பம் ஏறாமல் இறங்காமல் இருக்கும்வரை காற்றுத் துணுக்கு மாறாமல் வைத்திருக்கும் அளவு) இடத்துக்கு இடம் மாறுகிறதே, அப்போது எல்லா லேபிளும் ஒரே சாதி ஆகாதே என்று கேட்டார். என் அலுமினியம்-எஃகு கதைதான் அது! காற்றில் என்ட்ரோபி ஒரு நிறச் சேலை மாதிரி. மஞ்சள் சேலைக்காரி மஞ்சளோடுதான் இடம் மாறலாம். கலைத்தல் ஒரே என்ட்ரோபி உள்ள பரப்புக்குள்ளேயே நடக்க வேண்டும். சமச்சீர் குறைந்தது, அழிவின்மையும் குறைந்தது, ஆனால் ஒழியவில்லை. அந்தப் பரப்பில் கிடக்கும் வளையங்களுக்கு மட்டும் சுற்றோட்டம் நிலைக்கும். வளையத்தைப் புள்ளியாகச் சுருக்கினால் கிடைப்பது ஹான்ஸ் எர்ட்டல் 1942-இல் தந்த நிலைச்சுழிப்பு: காற்றின் சுழிப்பில் என்ட்ரோபி ஏறும் திசையில் உள்ள பங்கை அந்த ஏற்றத்தால் பெருக்கி, அடர்த்தியால் வகுத்தது. பூமியின் சுழற்சியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெப்பமும் உராய்வும் குறுக்கிடாதவரை ஒவ்வொரு காற்றுத் துணுக்கும் இந்த எண்ணைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் மேலடுக்குக் காற்று எங்கிருந்து வந்தது என்று அவர்கள் வரைபடத்தில் தேட முடிகிறது.

ஜூன் 6-ஆம் தேதித் திருத்தத்தைத் திரும்பப் படித்தேன். அங்கே "விரிசல் திசையில் மாறாமல் இருந்தால் போதும்" என்றேன். இங்கே "என்ட்ரோபிப் பரப்பில் மாறாமல் இருந்தால் போதும்" என்கிறேன். இருபது வருடமாக இரண்டையும் இரண்டு அலமாரியில் வைத்திருந்தேன். இந்த இழையில் எழுதும்போதுதான் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன.

ஜூலை 2, இரவு 9.25

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார்: "சார், இரண்டு மாடல் போட்டேன். முதலில் ஒட்டுக்கோடு விரிசலுக்குக் குறுக்கே. நீங்கள் சொன்ன மாதிரி வளையம் கோட்டைத் தாண்டியதும் எண் ஏறியது. எஃகையும் அலுமினியத்தையும் இடம் மாற்றினேன், இறங்கியது. அப்புறம் ஒட்டுக்கோட்டை விரிசலுக்கு இணையாக, சற்று மேலே படுக்கவைத்தேன். வளையங்கள் கோட்டைத் தாண்டிப் போயும் மூன்றிலிருந்து பத்து வரை ஒரே எண். முதல் இரண்டு மட்டும் ஒத்துப்போகவில்லை. அது மெஷ்ஷா, சமச்சீரா?"

இடம் மாற்றிப் பார்த்தது எனக்குத் தோன்றாத சோதனை, ரொம்ப சந்தோஷம். விறைப்பு குறைந்த பொருளை நோக்கிப் போகும் விரிசலை அந்தப் பொருள் இழுத்துக்கொள்ளும், அதனால் தள்ளி நின்று காணும் எண் குறையும். சரியாக வந்திருக்கிறது.

முதல் இரண்டு வளையம் மெஷ்தான். விரிசல் முனையில், பக்கத்தின் நடு முனையத்தைக் கால் பங்கு தூரத்துக்கு நகர்த்திய எலிமென்டுகளைப் போட்டுத் திரும்ப ஓட்டுங்கள், நெருங்கி வரும். நெருங்கினால் மெஷ், அசையாமல் நின்றால் அச்செடுத்துப் பென்சிலை எடுங்கள்.